தேரணி துரையின் தூக்கம்

தாது வருஷத்துப் பஞ்சம் இரண்டாவது கோடையைத் தொட்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவின் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த தேரணி துரையின் மார்பிலிருந்து அவருடைய தூக்கம் நனைந்த கம்பளியைப் போலக் கனமாக எழுந்து, கன்றுக்குட்டி உயரத்துக்கு நின்று, உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு, படிகளில் இறங்கி, ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே நடந்து, கேட்டைத் தாண்டி, பீர் ஆலைத் தொழிலாளிகளின் லயன் வீடுகள் இருந்த சரிவை நோக்கிப் போயிற்று. காபி கொண்டுவந்த பட்லர் தொம்மை அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். முளைகட்டிய பார்லியின் ஈர வாசனை அவனைக் கடந்து போனது.

துரை கண் திறந்து, "யார் போனது?" என்று கேட்டார்.

"உங்க தூக்கம், தொரை."

"எப்போ திரும்பும், சொல்லிச்சா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. அவசரமாப் போன மாதிரி இருந்துச்சு."

துரை தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். பொழுது சாய்ந்தால் வந்துவிடும் என்று நினைத்தார், விடிந்தால் வந்துவிடும் என்று நினைத்தார், கதவைச் சாத்தாமல் வைத்தார், கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார், பிறகு ஜன்னலிலிருந்து உள்ளே நகர்த்தினார், அது வரவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் மலாக்கி டியர்னி, எங்கள் வாயில் அது தேரணி ஆயிற்று. அயர்லாந்தில் பிறந்து, சிறு பிள்ளையாகவே ஒரு துறைமுக ஊரின் பீர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்து, கொப்பரை கழுவித் தொழில் கற்று, பட்டாளத்துக் கப்பலில் மதராசுக்கு வந்து, அங்கிருந்து குளிரைத் தேடி எங்கள் நடுக்கொம்பை மலைக்கு ஏறி, ஓடைக்கரையில் ஒரு ஆலையைக் கட்டியவர். பெண்டாட்டி பிள்ளை இல்லை. அவர் காய்ச்சிய பீர் முழுவதும் பட்டாளத்துக்குப் போனது. அதற்கான பார்லியைப் பட்டாளமே வாங்கி அனுப்பியது. கிடங்குச் சாவி பட்டாளத்து அதிகாரியிடமே இருந்தது. கையில் வந்த வரும்படியையெல்லாம் துரை எங்களுக்குக் கொடுத்தார். லயன் வீடுகளுக்கு ஓடு போட்டுக் கொடுத்தார், ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார், பிரசவ ஆஸ்பத்திரி கட்டினார், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்துவிட்டு மாதா கோயிலுக்கும் ஒன்று வாங்கினார். கொடுக்கும்போது மட்டும் வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். கம்பளியை நீட்டிவிட்டு மலையைப் பார்ப்பார், அரிசியை அளக்கச் சொல்லிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்ப்பார். வெள்ளைக்காரர்களின் வழக்கம் அப்படியாக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

கீழே சேலத்திலும் கோயமுத்தூரிலும் மழை பொய்த்து, கிணறு வற்றி, மாடு செத்து, ஜனங்கள் எலும்பும் தோலுமாக மலையேறி வரத் தொடங்கியபோது, சர்க்கார் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே மலைப்பாதை ஊருக்குள் நுழையும் இடத்தில் கஞ்சித்தொட்டி திறந்தவரும் அவர்தான். அதே பாதையில்தான் பார்லி வண்டிகளும் வந்தன. துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் முன்னும் பின்னும் நடக்க, வண்டிகள் கஞ்சி வரிசையை ஒட்டி முனகிக்கொண்டு ஏறும். வரிசை இரண்டாகப் பிரிந்து வழிவிடும். வண்டிகள் போனதும் மறுபடி ஒன்றாகச் சேரும். பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தால் இது நன்றாகத் தெரியும். துரை தினமும் பார்த்தார்.

தூக்கம் அதனால்தான் போயிற்றா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அது லயனுக்குள் வந்துவிட்டதால் எங்களுக்கு வேறு யோசனைகள் இருந்தன.

முதலில் அது ஆலை மேஸ்திரி பழனியாண்டியின் வீட்டுக்குள் போய், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் மேல் சாய்ந்தது. கை தட்டில் இருக்க அவர் அப்படியே தூங்கினார். மழையும் சாம்பல் நிற வானமும், ஒரே ராத்திரியில் கறுத்து அழுகிப்போன கிழங்கு வயலும், புல்லைத் தின்று வாயெல்லாம் பச்சையாகிக் கிடந்த ஒரு மனுஷியுமாக அவருக்குக் கனவு வந்தது. "நோரா! நோரா!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். நோரா யார் என்று அவர் பெண்டாட்டி கேட்டாள். அவருக்கே தெரியவில்லை. அவள் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் அதற்கடுத்த வீட்டுக் கிழவரும் முழங்காலளவு பிள்ளையும் வரிசையாக அதே பெயரைச் சொல்லிக்கொண்டு விழித்த பிறகுதான் மேஸ்திரிக்கு வீட்டில் சாப்பாடு கிடைத்தது.

அதன் பிறகு அது எங்களுக்குப் பழகிவிட்டது. அது எந்த வீட்டுக்குள் நுழைகிறதோ அந்த வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பல்வலிக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள். பிள்ளை பெற்று உடம்பு தேறாதவளிடம் அதை ஓட்டிப் போனார்கள். வயிற்றுவலியில் வீறிட்ட குழந்தையின் தொட்டிலடியில் அதைப் படுக்க வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு நாளாவது வந்ததா என்று பெண்கள் குழாயடியில் சண்டை போட்டார்கள். பாதிரியார் அதன் மேல் தீர்த்தம் தெளிக்கப் போய்ப் பிரசங்கத்தின் நடுவிலேயே தூங்கிவிட்டார். விழித்ததும் பிரசங்கத்தைத் தொடராமல் பீடத்தின் படியில் உட்கார்ந்து, யாராவது பார்க்கிறார்களே என்றில்லாமல் அழுதார். அந்த வருஷம் பிறந்த பெண்பிள்ளைகளுக்கு நோராயி என்று பெயர் வைத்தவர்கள் உண்டு.

ஒரே கனவுதான். ஆனால் தூங்கத் தூங்க அது நீண்டுகொண்டே போனது. செத்தவளின் பிள்ளைகள் இருவர், ஒரு பையனும் அவன் அக்காவும். தானியம் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள். இரண்டு பக்கமும் சிவப்புச் சட்டை சிப்பாய்கள். ஒரு தடித்த ஆலைக்காரர் பையனைத் தூக்கி மூட்டைகளின் மேல் உட்கார வைக்கிறார். ஒரு பிள்ளைக்குத்தான் இடம் என்கிறார். வண்டி நகர்கிறது. அக்கா பின்னாலேயே வருகிறாள். அவள் கையைக்கூட நீட்டவில்லை, வெறுமனே நடந்து வருகிறாள். பையன் உட்கார்ந்திருக்கும் மூட்டையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதில் விரலை விட்டால் தானியம் வரும். பையன் சிப்பாயைப் பார்க்கிறான். விரலை விடவில்லை. ஒரு பாலம் வருகிறது. பாலத்தைத் தாண்டும்போது கனவு அறுந்துபோகும்.

இதை யாரும் துரையிடம் சொல்லவில்லை. ஒருவர் குளிப்பதைத் தெரியாமல் பார்த்துவிட்டவர்கள் போல அவர் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டோம்.

அவரோ நிற்கவில்லை. களைத்துப்போனால் தூக்கம் வரும் என்று யாரோ சொல்ல, களைப்பதற்காகவே கொடுக்க ஆரம்பித்தார். காலையில் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு கூடம் கட்ட அஸ்திவாரம் போடுவார், மத்தியானம் ஓடைக்குக் குறுக்கே துணி துவைக்கக் கல் பதிப்பார், அது முடிவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு இடம் அளப்பார், அளந்துகொண்டிருக்கும்போதே கைவிட்டுவிட்டுச் சந்தையில் கூரை போடச் சொல்வார். ஊருக்குள் எங்கே பார்த்தாலும் பாதி எழும்பிய சுவர். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, கண்கள் உள்ளே போய், தாடை எலும்பு வெளியே வந்து, அவர் லயனைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த அபின் அவரைத் தள்ளாட வைத்ததே தவிர, தூங்க வைக்கவில்லை. எதிரே வருகிறவர்களிடம் தொலைந்த மாட்டை விசாரிப்பது போல, "பார்த்தீங்களா? இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்பார். நாங்கள் கையைக் காட்டுவோம். அவர் போய்ச் சேருவதற்குள் அது வேறு வீட்டுக்குள் நுழைந்திருக்கும். அது அவருக்குப் பயந்து ஒளிந்தது என்று தொம்மை சொன்னான்.

"இப்படியே போனா தொரை ஆடி மாசம் தாங்க மாட்டாரு" என்றார் மேஸ்திரி. அவர் போனால் ஆலை போய்விடும், கஞ்சித்தொட்டி போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். சர்க்காரிலிருந்து கஞ்சிக்கு வந்த தானியம் ஏற்கெனவே பாதியாகியிருந்தது.

கஞ்சித்தொட்டியில் துடுப்புப் போட்டுக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தவள் அத்தாயி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரி, பஞ்சத்தில் புருஷனைக் கீழேயே பறிகொடுத்துவிட்டுத் தனியாக மலையேறி வந்து நின்றவளை, துரைதான் தன் பூட்ஸைப் பார்த்தபடியே வேலைக்கு வைத்திருந்தார். அவள் மட்டும் அந்தத் தூக்கத்தைத் தன் பக்கம் சேர்த்ததே இல்லை. "எனக்கு என்னோடதே பெரும்பாரமா இருக்குது" என்று துடுப்பால் விரட்டிவிடுவாள்.

ஆனால் கஞ்சி தண்ணீராகிப்போன ஒரு நாள், வரிசையில் பாதிப் பேருக்கு ஊற்றுவதற்குள் தொட்டி காலியாகி, மிச்சப் பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்தாள். அவர்களில் சிலர் நாளைக்கு இருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். விரட்டத் தெம்பில்லாத அந்த நேரத்தில் அது வந்து அவள் மடியில் தலை வைத்துக்கொண்டது. அவள் தூங்கினாள். பாலம் வரைக்கும் போனாள். எழுந்தபோது எல்லோரையும் போல அவள் கத்தவில்லை. துடுப்பைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே பங்களாவுக்கு நடந்தாள். கஞ்சி கேட்டு நின்றவர்களும் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே போனார்கள்.

துரை வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"நோரா உங்க அக்காங்களா, தொரை?"

அவர் நின்றார். அந்தப் பெயரை அவர் இந்தத் தேசத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"யார் சொன்னது?"

"லயன்ல எல்லாருக்குந் தெரியுமுங்க. உங்க தூக்கத்துக்குள்ள போனவங்க எல்லாரும் பாத்தாங்க. சொல்ல வாய் வரல."

துரை தூணைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகக் கேட்டார்: "பாலத்துக்கு அந்தப் பக்கம்? யாராவது பார்த்தாங்களா? அவ என்ன ஆனா?"

"உங்களுக்குத் தெரியாதது அதுக்குள்ள எப்படிங்க இருக்கும்?"

அத்தாயி படியேறி வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"நாஞ் சொல்றேன் கேளுங்க. வண்டிக்குப் பின்னால நடந்தவ நான். அந்தத் தேசத்து வண்டி இல்லீங்க, இந்த மலையில ஏறுற உங்க வண்டிதான். கீழ ஆத்தங்கரையிலிருந்து எம் பொண்ண இடுப்புல வெச்சுக்கிட்டு அது பின்னாலயே வந்தேன். சக்கரம் கல்லுல ஏறி எறங்குனா நாலு மணி தானியம் சிந்தும். புழுதியோட பொறுக்கி வாயில போட்டு மென்னு அதுக்கு ஊட்டுவேன். மூட்டை மேல ஒரு சிப்பாய்ப் பையன் உக்காந்திருந்தான். சின்னப் பையன். எம் பொண்ணு அவனையே பாத்துக்கிட்டு வந்துது. அவன் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டான்."

"உன் பொண்ணு எங்கே?"

"அதான் சொல்றேனே. மூங்கி வளைவைத் தாண்டித் தனியா வந்துதானே வேலை கேட்டேன்."

துரை முதல் தடவையாக ஒருவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் முற்றத்தில் நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்போது கீழே மலைப்பாதையில் வண்டி மாடுகளின் சலங்கைச் சத்தம் கேட்டது.

அவர் தொப்பிகூடப் போடாமல் இறங்கி ஓடினார். நாங்களும் ஓடினோம். ஊருக்குக் கீழே உள்ள வளைவில், வண்டி வரிசைக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றார்.

"கஞ்சித்தொட்டிக்குத் திருப்புங்க."

சிப்பாய்களுக்குத் தலைவனாக வந்த ஜமேதார் நல்ல மனுஷர், வயசானவர். "தொரை, இது பட்டாளத்துச் சரக்கு. கிடங்குல பூட்டுற வரைக்கும் நான்தான் ஜவாப்தாரி. கை வெச்சா யாரா இருந்தாலும் சுடணும்னு உத்தரவு" என்றார்.

"என் ஆலைக்கு வர்ற பார்லி."

"பட்டாளத்துப் பார்லிங்க. வழிய விடுங்க தொரை, உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

துரை நகரவில்லை. ஜமேதார் கையைத் தூக்க, சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்கள். அத்தாயி போய்த் துரைக்குப் பக்கத்தில் நின்றாள். மேஸ்திரி பழனியாண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் போய் நின்றார்.

அந்த நேரத்தில்தான் சரிவிலிருந்து அது வந்தது. கூட்டத்துக்குள் புகுந்து, யார் மேலும் சாயாமல், நேரே துரையிடம் வந்து, அவருடைய முழங்காலில் மூஞ்சியைத் தேய்த்தது. இத்தனை மாதம் அவர் தேடித் தேடி அலைந்த அது இப்போது தானாக வந்து, உள்ளே விடச் சொல்லி அவரைக் கேட்டது. துரை தரையில் முட்டி போட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஈரப் பார்லி வாசனையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அப்படியே தூங்கிவிடுவார் என்றுதான் நினைத்தோம். தூங்கினால் தப்பு சொல்லியிருக்க மாட்டோம்.

அவர் தன் பாஷையில் அதன் காதுக்குள் என்னவோ சொன்னார். பிறகு எங்களுக்கும் கேட்கும்படி தமிழில், "எனக்கு வேண்டாம். அவங்ககிட்டப் போ" என்றார்.

அது போகவில்லை. அவர் இரண்டு கையாலும் அதைத் தள்ளினார், நாய்க்குட்டியைத் தள்ளுவது போல. அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜமேதாரிடம் போய், அவர் காலடியில் படுத்து, மலையில் மூடுபனி விரிவது போல விரிந்தது. துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. சிப்பாய்கள் நின்ற இடத்திலேயே சாய்ந்தார்கள். வண்டிக்காரர்கள் நுகத்தடியின் மேல் கவிழ்ந்தார்கள். மாடுகள்கூடக் கால் மடக்கிப் படுத்துக்கொண்டன.

முதல் மூட்டையைத் துரைதான் தோளில் தூக்கினார். எங்களில் திடமாக இருந்தவர்கள் மிச்சத்தைத் தூக்கினோம். தெம்பில்லாதவர்கள் சிந்திய மணிகளைப் பொறுக்கினார்கள். கஞ்சித்தொட்டி அண்டாக்கள் போதாமல், ஆலையின் செப்புக் கொப்பரைகளில் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டினோம்.

பொழுது இறங்கும்போது சிப்பாய்கள் விழித்தார்கள். ஜமேதார் காலி வண்டிகளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தார். எடுக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் அத்தாயி ஒரு கலயம் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு பாலத்துக்கிட்டயே நின்னுபோச்சே அம்மா" என்றார். பிறகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினார். தூக்கமும் அவர்களோடு இறங்கிப் போனது. துரை போகச் சொன்ன இடத்துக்கு அது போய்விட்டது. அதன் பிறகு அதை நடுக்கொம்பையில் யாரும் பார்க்கவில்லை.

பட்டாளத்தில் விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல வந்த சிப்பாய்கள் ஒவ்வொருவரும் கூண்டில் ஏறியதும் நோராவை நினைத்து அழ, எதையும் எழுத முடியாமல், துரைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடித்தார்கள். ஆலைக்குப் பார்லி வருவது நின்றது, இறக்கிய மூட்டைகளை அளந்து அளந்து கஞ்சி காய்ச்சினோம். பங்களா கைவிட்டுப் போனது. துரை கஞ்சித்தொட்டிக்குப் பின்னால் இருந்த விறகு அறைக்குக் குடிவந்து, கொப்பரைகளுக்கு அடுப்பெரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். பாதியில் நின்ற சுவர்களை நாங்களே எழுப்பினோம். ஆனால் அவர் கண் மூடவில்லை. விறகைப் பிளந்துவிட்டு நடப்பார், நடந்துவிட்டு வந்து பிளப்பார். கோடாலி குறி தவறத் தொடங்கியிருந்தது.

லயனில் கூடிப் பேசினோம். இவ்வளவு நாள் அவருடையதில் தூங்கியாயிற்று, இனி ஆளுக்கொரு நாள் நம்முடையதை அனுப்புவோம் என்று முடிவாயிற்று. மேஸ்திரியின் தூக்கம் கனத்த எருமை போல அசைந்து வந்தது. அதில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு இடுப்பு வலிக்கிறது என்று துரை எழுந்தார். தொம்மையின் தூக்கத்தில் யாரோ ஓயாமல் மணியடித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். எதுவும் அவரிடம் தங்கவில்லை. ஒவ்வொன்றையும் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

அத்தாயி மட்டும் அனுப்பவில்லை. கேட்டால், "அதை யாருக்கும் குடுக்க முடியாது" என்பாள்.

ஆடி பிறந்து, கீழ்நாட்டில் முதல் மழை பெய்ததாகச் சேதி வந்த நாளில், மத்தியானக் கஞ்சிக்கு வரிசை நின்றுகொண்டிருந்தபோது, துரை விறகுக் கட்டோடு கீழே விழுந்தார். தூக்கிக் கொண்டுவந்து அண்டாவின் அருகிலேயே காலிச் சாக்குகளின் மேல் கிடத்தினார்கள். கண் மட்டும் விழித்தபடி இருந்தது.

அத்தாயி துடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னோடது சின்னதுதானுங்க தொரை. சுகமா இருக்காது. பரவாயில்லீங்களா?"

அவர் தலையை அசைத்தார்.

"போ" என்றாள் அத்தாயி, தன் மடியைப் பார்த்து. புழுதி நிறத்தில், ஆட்டுக்குட்டியைவிட மெலிந்த ஒன்று அவளிடமிருந்து எழுந்து, தடுமாறி நடந்து, துரையின் மார்பில் ஏறிச் சுருண்டுகொண்டது. அவர் கண்கள் மூடின.

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். கஞ்சி ஊற்றும் சத்தம் மட்டும் இருந்தது. அத்தாயி உட்கார்ந்தபடி ஒரு கையால் ஊற்றிக்கொண்டே சாக்குகளின் மேல் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரையின் பாதங்கள் அசைந்தன. ஒன்று மாற்றி ஒன்று, மெதுவாக, ஏற்றத்தில் நடப்பவருடைய பாதங்கள். இடது கை எதையோ இடுப்போடு அணைத்திருந்தது. மூச்சு வாங்கியது. எந்த இடத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார், எந்தக் கல்லில் சக்கரம் துள்ளுகிறது, எங்கே குனிந்து பொறுக்குகிறார் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

புளியமரங்கள் முடிந்து மூங்கில் ஆரம்பிக்கும் வளைவு நெருங்கியபோது அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். எழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. எழுப்பவில்லை.

துரையின் பாதங்கள் நின்றன. அணைத்திருந்த கை மெதுவாகத் தளர்ந்து, எதையோ மிகவும் பத்திரமாக இறக்குவது போலத் தரையைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. மண்ணை இழுத்து மூடுவது போல விரல்கள் அசைந்தன.

"அங்கதான்" என்றாள் அத்தாயி.

அவர் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, ஆழமாகத் தூங்கத் தொடங்கினார். அவள் எழுந்து, அகப்பையைக் கழுவி, வரிசையில் அடுத்து நின்றவரின் கலயத்தை வாங்கினாள்.